பெரிய டிஸ்க்கை வைத்து டிஸ்க் கோல்ஃப் ஆடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் ஞாயிறு காலை ஆட்டத்துக்கு எங்களோடு சேரும் தமிழ் நண்பர்களில் பாதிப் பேர் ஊரில் அல்டிமேட், அதாவது டிஸ்க்கைக் கைமாற்றி ஆடும் குழு ஆட்டம், ஆடியவர்கள். பையைத் திறந்ததும் தோசைக்கல் அகலத்தில் ஒரு வெள்ளை டிஸ்க் வெளியே வரும். மற்றவர்கள் கையில் இருக்கும் சின்ன டிஸ்க்குகளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு அதை உள்ளே வைத்துவிடுவார்கள். வைக்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிச் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

டிஸ்க் கோல்ஃப்னா என்ன? அதுல 'பெரிய டிஸ்க்'னு எதைச் சொல்றீங்க?

கோல்ஃப் போலத்தான். பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. தொடங்கும் இடத்திலிருந்து வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, எத்தனை வீச்சில் கூடைக்குள் போடுகிறோம் என்பதே கணக்கு. குறைந்த வீச்சில் முடிப்பவர் வெற்றி பெறுவார்.

இன்று கடையில் கிடைக்கும் கோல்ஃப் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை 21 செ.மீ.க்குச் சற்று மேல் விட்டம் கொண்டவை. தூரம் போகும் டிரைவர்கள் 21.2 செ.மீ. அளவில் இருக்கும். பஸ் (Buzzz), ராக் (Roc) போன்ற நடுத்தூர டிஸ்க்குகள், அதாவது மிட்ரேஞ்சுகள், 21.7 செ.மீ. இருக்கும். அந்த அரை சென்டிமீட்டரையே 'பெரிய விட்டம்' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. 24 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ளவற்றைப் பற்றி. இங்கே பழைய ஆட்டக்காரர்கள் இவற்றை 'லிட்' என்பார்கள், அதாவது மூடி. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் ஸெஃபிர், இன்னோவா நிறுவனத்தின் காண்டார், அல்டிமேட் ஆடப் பயன்படும் அல்ட்ராஸ்டார் எல்லாம் இந்த வகை.

ஊர்ல அல்டிமேட் ஆடின 175 கிராம் டிஸ்க் இருக்கு. அதையே எடுத்துட்டு வரலாமா?

தாராளமாக. பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடிய அதே டிஸ்க், அல்ட்ராஸ்டாராக இருந்தால், போட்டிக்கே செல்லும். அது பிடிஜிஏ எனப்படும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள டிஸ்க்தான். நண்பர்களோடு ஆடுகிற ஆட்டத்துக்கு அதுவும் தேவையில்லை, எதையும் வீசலாம்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் தட்டையாக ஒரு வீச்சு வீசவே மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். கடற்கரைக் காற்றில் இரண்டு வருடம் பாஸ் கொடுத்துப் பழகிய மணிக்கட்டுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

சின்ன டிஸ்க்தான் ரொம்ப தூரம் போகுது. அப்புறம் பெரிசு எதுக்கு?

தூரத்தில் சின்னதுதான் ராஜா, அதில் மறுபேச்சே இல்லை. 2016-ல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர், பின்னாலிருந்து பலத்த காற்று தள்ள, 338 மீட்டர் வீசினார். அதைப் பெரிய டிஸ்க்கால் கனவிலும் தொட முடியாது.

ஆனால் ஒரு முழு ஆட்டத்தில் நீங்கள் வீசும் வீச்சுகளை எண்ணிப் பாருங்கள். முழு பலத்தோடு வீசுவது ஒரு கூடைக்கு ஒரு தடவை, சில கூடைகளுக்கு அதுவும் இல்லை. மற்றதெல்லாம் 20 மீட்டர், 40 மீட்டர், 60 மீட்டர். அந்தத் தூரத்தில் டிரைவருக்கு வேலையே இல்லை. அது வேகமாகப் போனால்தான் பறக்கும், மெதுவாக வீசினால் ஒரு பக்கம் சாய்ந்து தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். பெரிய டிஸ்க் மெதுவாக வீசினாலும் பறக்கும், நேராகப் போகும், மெத்தென்று உட்காரும். அறுபது மீட்டருக்குள் என் பையில் உள்ள எதையும்விட அதைத்தான் நம்புகிறேன்.

முதல்ல எல்லாரும் பெரிய டிஸ்க்லதான் ஆடினாங்களாமே, நிஜமா?

நிஜம். இந்த ஆட்டம் பிறந்ததே அதில்தான். வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பீயை மெருகேற்றிய எட் ஹெட்ரிக் 1975-ல், லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே லா கன்யாடா ஃப்ளின்ட்ரிட்ஜில், ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். அப்போது கூடை கிடையாது, வெறும் கம்பம்தான். டிஸ்க் கம்பத்தில் பட்டதா இல்லையா என்று வாக்குவாதம் வரும். அதற்குத் தீர்வாகத்தான் பிறகு சங்கிலியும் கூடையும் வந்தன. 1976-ல் பிடிஜிஏவையும் அவரே தொடங்கினார்.

மாற்றம் வந்தது 1983-ல். டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சாய்வாகச் சீவிய ஈகிள் என்ற டிஸ்க்கை இன்னோவாவில் கொண்டுவந்தார். மழுங்கிய விளிம்பு காற்றை முட்டித் தள்ளும். சீவிய விளிம்பு காற்றைக் கிழித்துப் போகும். அதோடு டிஸ்க்குகள் சுருங்கத் தொடங்கின, களங்கள் நீண்டன.

ஓக் க்ரோவ் இன்றும் இருக்கிறது, ஹஹமோங்னா பூங்கா என்ற பெயரில். அங்கே போகும்போது ஒரு சுற்றாவது பெரிய டிஸ்க்கை மட்டும் வைத்து ஆடுங்கள். ஓக் மரங்களுக்கு நடுவே கூடைகள் ஏன் அந்த இடைவெளியில் நிற்கின்றன என்பது கைக்குப் புரியும்.

அது ஏன் அவ்வளவு நேரம் மிதக்குது? எடை ஒண்ணுதானே?

எடை ஒன்றுதான், பரப்பு வேறு. 27.3 செ.மீ. அல்ட்ராஸ்டாரையும் 21.2 செ.மீ. டிரைவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 175 கிராம். ஆனால் பெரியதன் பரப்பு சின்னதைவிடக் கிட்டத்தட்ட 1.66 மடங்கு. அதே எடையைத் தாங்க அத்தனை அதிக இடத்தில் காற்று கை கொடுக்கிறது. அதனால் வேகம் குறைந்த பிறகும் விழாமல் மிதக்கிறது.

இன்னொன்று சுழற்சி. எடை, நடு மையத்தைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுழற்றிவிடுவதும் கஷ்டம், சுழல ஆரம்பித்ததை நிறுத்துவதும் கஷ்டம். குயவரின் திருகையைப் பார்த்திருப்பீர்கள். கோலால் தள்ளித் தள்ளி வேகம் ஏற்ற வேண்டும்; ஏறிவிட்டால் பானை வனைந்து முடியும்வரை தானே சுற்றும். பெரிய டிஸ்க்கும் அப்படித்தான். சுழற்சி நீடிக்கும்வரை அது கைவிட்ட கோணத்திலேயே போகும். நேராக விட்டால் நேராக, சாய்த்து விட்டால் அந்தச் சாய்விலேயே நீளமாக வளைந்து போகும்.

எப்படிப் பிடிக்கணும்? எனக்குக் கை சின்னது.

கை சின்னதாக இருப்பது இங்கே பெரிய பிரச்சினை இல்லை. சொல்லப்போனால் டிரைவரின் இரண்டரை சென்டிமீட்டர் அகல விளிம்பைப் பிடிப்பதுதான் சின்னக் கைக்குத் தொல்லை. பெரிய டிஸ்க்கின் விளிம்பு மெல்லியது.

டிரைவரை நான்கு விரல்களையும் விளிம்புக்குள் மடக்கி இறுக்கிப் பிடிப்போம். பெரிய டிஸ்க்குக்கு அது வேண்டாம். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் விளிம்பின் உள்பக்கம் அல்லது வெளி ஓரத்தில், நடுவிரலும் மோதிர விரலும் அடித்தட்டில் விசிறி மாதிரி விரிந்து தாங்கட்டும். ஒரு சோதனை சொல்கிறேன்: பிடித்த டிஸ்க்கின் எதிர் ஓரத்தை இன்னொரு கையால் மெல்லத் தட்டுங்கள். டிஸ்க் தொங்கினால் பிடி தளர்வு. முன்கை விறைத்தால் பிடி அதிகம். தட்டியதும் கொஞ்சம் அதிர்ந்து பழைய இடத்துக்கே வந்தால் சரி.

நான் வீசினா தள்ளாடிக்கிட்டே போகுது. டிரைவர்ல அப்படி இல்லையே?

டிரைவரிலும் தள்ளாட்டம் இருக்கிறது, கண்ணில் படுவதில்லை. அது வேகமாகப் போய்விடுகிறது. பெரிய டிஸ்க் மெதுவாகப் போவதால் உங்கள் கை செய்த தப்பு அத்தனையும் வானத்தில் எழுதிக் காட்டுகிறது. இதற்காகவே நான் அதை விரும்புகிறேன்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தோளையும் இடுப்பையும் போட்டு வேகம் கூட்டுகிறோம், மணிக்கட்டு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. வேகம் இருக்கிறது, சுழற்சி இல்லை. மேலே சொன்ன திருகை ஞாபகம் இருக்கட்டும்: பெரிய விட்டத்தைச் சுழற்றச் சின்னதைவிட அதிகம் முறுக்கு வேண்டும். ஓடிவந்து வீசுவதை விடுங்கள். நின்ற இடத்தில், பாதி பலத்தில், ஈரத் துணியை உதறுகிற மாதிரி கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டுங்கள். வீசும் பாதை மார்பு உயரத்தில் ஒரே கோடாக இருக்கட்டும், கடைசியில் கை மேலே எழும்ப வேண்டாம். இருபது வீச்சுக்குள் வித்தியாசம் தெரியும்.

காத்து அடிச்சா என்ன பண்றது?

பலமாக அடித்தால் பைக்குள் வைத்துவிடுங்கள். மிதப்பதற்கு உதவும் அதே பரப்பு காற்றுக்கும் பாய்மரம் ஆகிவிடும்.

இளங்காற்று என்றால் ஆடலாம், திசையைப் பார்த்து. வலது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பின்கை வீச்சு (பேக்ஹேண்ட்) வீசுகிறவருக்குச் சொல்கிறேன். எதிர்காற்றில் டிஸ்க் மேலெழும்பி வலப்பக்கம் புரளப் பார்க்கும். ஆகவே கைக்கு எதிர்ப்பக்கத்து வெளி ஓரத்தைத் தாழ்த்தி, அதாவது ஹைசர் கோணத்தில், தாழ்வாக வீச வேண்டும். பின்காற்றில் சீக்கிரமே கீழே அமுங்கிவிடும். கொஞ்சம் உயர்த்தி விட வேண்டும். பக்கக் காற்றுதான் மோசம். டிஸ்க்கின் அடிவயிறு காற்றைப் பார்த்துவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடும்.

சரி, எந்தெந்த இடத்துல இதை எடுக்கணும்?

நான் வழக்கமாக ஆடும் களத்தில் 55 மீட்டர் கூடை ஒன்று இருக்கிறது. தொடங்கும் இடத்துக்கு நேர் எதிரே இரண்டு ஓக் மரங்கள், நடுவில் இரண்டு கை விரித்த அகலத்துக்கு வழி. அதைத் தாண்டியதும் கூடை வலப்பக்கம் ஒதுங்கி, ஓடைக்கரைச் சரிவின் விளிம்பில் நிற்கிறது. மிட்ரேஞ்சால் வீசினால் வலப்பக்கம் வளைத்துக் கொண்டுபோகலாம், ஆனால் கடைசியில் அது இடப்பக்கம் திரும்பித் தரையில் சறுக்கும். பல தடவை ஓடையில் இறங்கி எடுத்திருக்கிறேன். பெரிய டிஸ்க்கை ஆன்ஹைசரில், அதாவது வெளி ஓரத்தைத் தூக்கிச் சாய்த்து, மெதுவாக விட்டால் மரங்களுக்கு நடுவே நுழைந்து, வளைந்து, வளைவு மாறாமல் கூடைக்குப் பக்கத்தில் இறங்கும். புல்லில் அடிவயிறு தேயும் 'சர்ர்' என்ற சத்தம் ஒரு நொடி, அவ்வளவுதான். நின்றுவிடும்.

இதுதான் அதன் இடம்: வேகம் தேவைப்படாத, ஆனால் கோணம் தவறக் கூடாத வீச்சு. கூடைக்குப் பின்னால் சரிவோ தண்ணீரோ இருக்கும் இடம். புதருக்குப் பின்னாலிருந்து மண்டியிட்டு வீச வேண்டிய இடம். தலைக்கு மேலே வீசுவதற்கும், முன்கை வீச்சாக (ஃபோர்ஹேண்ட்) பலமாக அடிப்பதற்கும் வேண்டாம்.

தரையில உருட்டி விடுறாங்களே, அதுக்கும் இது சரியா வருமா?

வரும், மிக நன்றாக. மரக்கிளைகள் தாழ்ந்து கிடக்கும்போது டிஸ்க்கைச் செங்குத்துக்குப் பக்கமாகச் சாய்த்துத் தரையில் இறக்கினால் சக்கரம் போல உருண்டு போகும். பெரிய சக்கரம் சின்னக் கல்லையும் வேரையும் எளிதாக ஏறிக் கடக்கும், சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். 200 கிராம் காண்டாரைப் பலர் பையில் வைத்திருப்பதே உருட்டத்தான். மென்மையான அல்டிமேட் டிஸ்க் இதற்கு அவ்வளவு வசதி இல்லை.

இதாலேயே கூடைக்குள்ளயும் போடலாமா?

ஐந்தாறு மீட்டருக்குள் போடலாம். கூடையின் வாய் கிட்டத்தட்ட 65 செ.மீ., டிஸ்க் 27 செ.மீ., இடம் தாராளம். ஆனால் அகலமான டிஸ்க் சங்கிலிகளுக்கு நடுவே புகுவதைவிட மேலே மோதுவதே அதிகம், ஓரத்தில் பட்டால் வெளியே துள்ளிவிடும். நான் பட்டருக்கு (putter), அதாவது கூடைக்குள் போடுவதற்கான டிஸ்க்குக்கு, மாறிவிடுவேன். ஒவ்வொரு வீச்சுக்கும் டிஸ்க்கை மாற்றிக்கொள்ளலாம், எத்தனை வேண்டுமானாலும் கொண்டுவரலாம், விதியில் தடையில்லை.

குழந்தையோட ஆடுறதுக்கு எது நல்லது?

பெரியது, யோசிக்கவே வேண்டாம். டிரைவரின் விளிம்பு கூர்மையானது, வேகமாக வந்து பட்டால் எலும்பு வரை உறைக்கும். மழுங்கிய விளிம்புள்ள பெரிய டிஸ்க் மெதுவாக வரும். எடை குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். நடைபாதையில் ஆள் வரும்போது வீசாமல் நிற்பது எந்த டிஸ்க்குக்கும் பொருந்தும்.

எவ்வளவு பெரிசு வரைக்கும் போகலாம்? எவ்வளவு எடை?

பிடிஜிஏ தரவிதியின்படி விட்டம் 21 முதல் 40 செ.மீ. வரை இருக்கலாம். எடைக்கு இரண்டு எல்லை: விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் கூடாது, மொத்தம் 200 கிராமைத் தாண்டக் கூடாது.

கணக்குப் போட்டால் சுவையாக இருக்கும். 21.2 செ.மீ. டிரைவருக்கு உச்ச எடை சுமார் 176 கிராம், 21.7 செ.மீ. மிட்ரேஞ்சுக்கு 180 கிராம். 24.1 செ.மீ. வந்ததும் 200 கிராமைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் எடை ஏறாது. ஆகவே எடையும் மிதப்பும் ஒன்றாக வேண்டுமானால் 24 செ.மீ. பக்கம்தான் சரியான இடம். ஸெஃபிர் போன்றவை அந்த அளவில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அல்ட்ராஸ்டார் சென்டிமீட்டருக்கு 6.4 கிராம்தான், அதனால்தான் காற்றுக்கு அவ்வளவு ஆடுகிறது.

பெரிய டிஸ்க்குகளை மட்டுமே வைத்து ஆடும் சூப்பர் கிளாஸ் என்ற தனி ஆட்டப்பிரிவும் உண்டு. உங்கள் பக்கத்தில் எங்காவது நடந்தால் விடாதீர்கள்.

கடையில மலிவா கிடைச்சது, அளவு சரியா இருக்கு. போட்டியில வீசலாமா?

அளவு மட்டும் போதாது, அந்த மாடல் பிடிஜிஏ அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையங்கள் எவ்வளவு தூரம் பறந்தாலும் செல்லாது. நல்ல டிஸ்க்கே விரிசல் விட்டால் செல்லாது. விளிம்பைச் சீவி வேறு மாதிரி பறக்க வைத்தாலும் செல்லாது. விதிக்கு ஒவ்வாத டிஸ்க்கை வீசினால் இரண்டு வீச்சு அபராதம், முன்னெச்சரிக்கை எல்லாம் கிடையாது. உங்கள் டிஸ்க்கில் பெயரோ அடையாளமோ எழுதியிருக்கவும் வேண்டும்.

விழுந்த இடத்துல டிஸ்க்கை அப்படியே விட்டுட்டு அதுக்குப் பின்னால நிக்கலாம்னு சொல்றாங்க. பெரிய டிஸ்க்னா நஷ்டம் இல்லையா?

நல்ல கேள்வி. வெகுநாள் ஆடியவர்களே இதைக் கவனிப்பதில்லை. அடுத்த வீச்சுக்கு நீங்கள் கால் வைக்க வேண்டிய இடம், குறியீட்டு டிஸ்க்கின் பின் ஓரத்துக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் உள்ள ஒரு செவ்வகம். வீசிய டிஸ்க்கையே குறியாக விட்டுவிடலாம். அல்லது கூடையைப் பார்த்த அதன் முன் ஓரத்தைத் தொட்டபடி ஒரு மினியை வைத்துவிட்டு, பெரியதை எடுத்துவிடலாம். மினி என்பது 7 முதல் 15 செ.மீ. வரையுள்ள குட்டி டிஸ்க். மினி வைத்தால் பெரிய டிஸ்க்கின் முழு விட்டம், 27 செ.மீ., உங்களுக்கு லாபம். மரத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கும்போது அந்த ஒரு சாண் கால் வைக்க வழிவிடும்.

சில நேரம் தலைகீழ். பத்து மீட்டருக்குள்ளிருந்து போட்டால், போட்டபின் நிலையாக நின்று காட்டாமல் முன்னால் நகரக் கூடாது. அந்தப் பத்து மீட்டர் குறியின் பின் ஓரத்திலிருந்துதான் அளக்கப்படும். மினி வைத்தால் 9.9 மீட்டர், பெரிய டிஸ்க்கை அப்படியே விட்டால் 10.17 மீட்டர் என்று இருந்தால், விட்டுவிடுவது புத்திசாலித்தனம்: வீசிய வேகத்தில் முன்னால் காலெடுத்து வைக்கலாம். இது ஏமாற்று அல்ல, விதியே தரும் தேர்வு.

பெரிய டிஸ்க்லயே பழகினா டிரைவர் வீசுறது கெட்டுப்போகாதா?

கெடாது, ஆனால் ஒரு எச்சரிக்கை. பெரியதற்கு விரல்களை விரித்துப் பழகியவர்கள் டிரைவரையும் அப்படியே பிடிப்பார்கள், அது கையைவிட்டுச் சீக்கிரம் நழுவி இடப்பக்கம் பறக்கும். பிடியை மட்டும் மாற்றினால் போதும். சுழற்சி, தட்டையான விடுகை, கோணம் எல்லாம் அப்படியே கை மாறும். தள்ளாட்டத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கே பலன் கொடுக்கும்.

என் வழக்கம் இது. ஆட்டம் தொடங்குமுன் நின்ற இடத்திலிருந்து பெரிய டிஸ்க்கால் பத்து வீச்சு, முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் மார்புக்கு. பத்தும் தள்ளாடாமல் போனால்தான் டிரைவரைத் தொடுவேன். போன ஞாயிறு ஏழாவது வீச்சு தள்ளாடியது. முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.